சுடலைமுத்துவின் பேரன் ரித்விக் ஆனது எப்படி? தமிழ்நாட்டில் குழந்தைப் பெயர்கள் மாறும் கதை

தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலை எடுத்து, வயதுவாரியாகப் பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள். எழுபதைத் தாண்டியவர்களில் சுடலைமுத்து, மாடசாமி, பேச்சியம்மாள், குப்பம்மாள் இருப்பார்கள். ஐம்பதை ஒட்டியவர்கள் செல்வராஜ், ராஜேந்திரன், தமிழ்ச்செல்வி, விஜயலட்சுமி. நாற்பதுகளில் சுரேஷ், ரமேஷ், கவிதா, சங்கீதா. முப்பதில் கார்த்திக், விக்னேஷ், பிரியா, திவ்யா. இன்னும் பட்டியலில் ஏறாத, அதே தெருவில் எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளைகள் பெயர்? ரித்விக், தர்ஷித், ஆரவ், யாஷிகா, நடுவில் ஒரு மகிழினி.

"என்னப்பா பேரு இது, வாயிலயே நுழைய மாட்டேங்குதே" என்று பாட்டிகள் அலுத்துக்கொள்கிறார்கள். 'ஷ்' இல்லாமல் பெயரே வைக்க மாட்டீர்களா என்று சமூக வலைதளங்களில் கிண்டல் ஓடுகிறது. ஆனால் இந்த மாற்றத்தை வெறும் ஃபேஷன் என்று தள்ளிவிட முடியாது. பழைய பெயரைக் கேட்டால் அந்த மனிதர் எந்தப் பக்கத்துக்காரர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர், பல நேரங்களில் எந்தச் சாதி என்பது வரை ஊகித்துவிடலாம். ரித்விக் என்ற பெயரை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. இந்தப் பெயர்கள் பரவியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

பெயரே முகவரியாக இருந்த காலம்

'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவர் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டால் பெற்ற தாய் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால்தான் வீட்டுக்கு வீடு ராசா, தம்பி, துரை, பாப்பா என்று கூப்பிடும் பெயர் தனியாக இருந்தது. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இன்றைக்கும் பலர் இருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தாத்தா பெயருக்கு அடுத்து குலதெய்வம். சுடலை, இசக்கி, பேச்சி என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம். அண்ணாமலை, உண்ணாமலை என்றால் திருவண்ணாமலை சுற்றுவட்டாரம். தியாகராஜனைக் கேட்டதும் திருவாரூர் நினைவுக்கு வரும், பழனிசாமி என்றால் கொங்கு நாடு. நாகூர் மீரான், சாகுல் ஹமீது என்ற பெயர்களுக்குப் பின்னால் நாகூர் தர்கா நிற்கிறது. ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி பெயர்களில் வேளாங்கண்ணி மாதா இருக்கிறார். கத்தோலிக்கர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பீட்டர் இராயப்பர் ஆனார், பால் சின்னப்பர் ஆனார், ஜான் அருளப்பர் ஆனார். சின்னப்பன் என்ற பெயரைக் கேட்கிறவருக்கு அது பைபிளில் இருந்து வந்தது என்று சட்டென்று தோன்றாது. அந்த அளவுக்கு மண்ணோடு ஒட்டிய பெயர்.

இப்படிப்பட்ட பெயர்களை இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் நியாயமானது. ஆனால் ஏக்கப்படும்போது இன்னொரு வரிசையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

போதும்பொண்ணும் குப்பம்மாளும்

பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்துபோன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து 'குப்பன்', 'குப்பம்மாள்' என்று பெயர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. 'பிச்சை' என்ற பெயரும் அந்த வகைதான், சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய உயிர். சிசு மரணம் சாதாரணமாக இருந்த காலத்தின் பயம் அந்தப் பெயர்களுக்குள் இருக்கிறது. குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியதும் பெயர்களும் குறைந்தன.

'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்ற பெயர்களின் கதை வேறு. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், இனி ஆண் பிறக்கட்டும் என்று வைக்கப்பட்டவை அவை. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுஷா' என்ற பெயரோடு இருந்த 280-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு 2011-ல் அரசு நிகழ்ச்சியிலேயே புதுப் பெயர் சூட்டப்பட்டது. வருகைப் பதிவேட்டில் தினமும் 'வேண்டாம்' என்று கூப்பிடப்பட்ட ஒரு பெண், தன் மகளுக்கு யாஷிகா என்று பெயர் வைத்தால் அதைக் கிண்டல் செய்ய என்ன இருக்கிறது?

சாதி விஷயமும் அப்படியே. கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பெரியவரை, அவர் பெயர் கருப்பசாமியாகவே இருந்தாலும், 'கருப்பா' என்று சிறுவர்கள்கூடக் கூப்பிட்ட காலம் உண்டு. அந்தப் பெயர் அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்று அவர் வீட்டில் முடிவெடுத்தது ஃபேஷனுக்காக அல்ல.

மாநாட்டு மேடையில் மாறிய பெயர்கள்

பெயரை வைத்து ஒரு சமூகத்தையே மாற்றப் பார்த்த மாநிலம் இது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஈ.வெ.ராமசாமி நாயக்கர் அந்தப் பட்டத்தை விட்டார். சிவகங்கை ராமச்சந்திரன் 'சேர்வை'யை விட்டார். நாட்டின் மற்ற பகுதிகளில் சர்மா, ரெட்டி, நாயர், யாதவ் என்று இன்றும் பெயரோடு சாதி வரும்போது, தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் மட்டும் நிற்பதற்கு இந்த இயக்கம் முக்கியக் காரணம்.

இன்னொரு பக்கம் தனித்தமிழ் இயக்கம். 1916-ல் அதைத் தொடங்கிய சுவாமி வேதாசலம், 'வேத'த்தை மறையாகவும் 'அசல'த்தை மலையாகவும் ஆக்கி மறைமலையடிகள் ஆனார். தன்னோடு நிற்கவில்லை, பிள்ளைகளின் பெயரையும் மாற்றினார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். திராவிட இயக்கம் இதை வீதிக்குக் கொண்டுவந்தது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், சாரங்கபாணி வீரமணி ஆனார். தலைவர்களைப் பார்த்துத் தொண்டர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அறிவழகன், தமிழ்ச்செல்வன், மணிமேகலை, கயல்விழி என்று வைத்தார்கள். பெரியார் கூட்டங்களில் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் சூட்டியதும் உண்டு.

இந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த கதை 1953-ல் நடந்தது. மார்ச் 1-ம் தேதி கருணாநிதிக்கு மகன் பிறந்தார். மார்ச் 5-ம் தேதி சோவியத் அதிபர் ஜோசப் ஸ்டாலின் இறந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசிய கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். முதலில் யோசித்து வைத்திருந்த பெயர் 'அய்யாதுரை', பெரியாரை நினைவூட்டும் 'அய்யா'வும் அண்ணாதுரையின் 'துரை'யும் சேர்ந்தது என்று மு.க.ஸ்டாலினே மேடைகளில் சொல்லியிருக்கிறார். நான்கு நாள் வித்தியாசத்தில் மாறிய பெயர்.

காங்கிரஸ் வீடுகளில் காந்தி, ஜவஹர், கஸ்தூரி, இந்திரா. கம்யூனிஸ்ட் வீடுகளில் லெனின், மார்க்ஸ், ஜீவா. தென் மாவட்டங்களில் சுபாஷ் சந்திரபோஸ், முத்துராமலிங்கம். 80-களுக்குப் பிறகு பிரபாகரன். ஒருவரின் பெயரைக் கேட்டால் அவர் பிறந்தபோது அப்பா எந்தக் கட்சியில் இருந்தார் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். இன்றைக்கும் தேர்தல் பிரசார வேனை மறித்துக் குழந்தையை நீட்டிப் பெயர் வைக்கச் சொல்லும் காட்சி நம் கேமராக்களுக்குப் புதிதல்ல.

'அன்' போய் 'ஷ்' வந்தது எப்போது?

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சமஸ்கிருதப் பெயர்கள் இப்போதுதான் வந்தன என்று நினைப்பவர்கள் அதிகம். ராமசாமி, சுப்பிரமணியன், லட்சுமி எல்லாம் சமஸ்கிருத வேர் கொண்டவைதான். வித்தியாசம் எங்கே என்றால், அவற்றைத் தமிழ் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தது. ஆணுக்கு 'அன்', 'சாமி', 'முத்து', பெண்ணுக்கு 'அம்மாள்', 'ஆயி', 'அத்தா' என்ற முடிவு போட்டதும் அது தமிழ்ப் பெயராகக் காதில் விழுந்தது.

மாறியது அந்த முடிவுதான். கார்த்திகேயன் கார்த்திக் ஆனார், கிருஷ்ணன் கிருஷ் ஆனார், ராமன் ராம் ஆனார். வேலைக்கு பம்பாய், டெல்லி போன குடும்பங்கள், இந்திப் படங்கள், வானொலியில் கேட்ட பெயர்கள் என எல்லாம் சேர்ந்து சுரேஷ், ரமேஷ், மகேஷ், தினேஷ் அலையைக் கொண்டுவந்தன. பெண்களுக்கு அம்மாள் போய் கவிதா, அனிதா, வித்யா. அதற்கும் அடுத்த சுற்றில் 'ஷா', 'கா', 'ஸ்ரீ' என்று முடிகிற தர்ஷினி, யாஷிகா, தன்யஸ்ரீ.

ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்று 'பழசு' ஆகிவிடுகிறது. ஒரு வகுப்பில் நாலு சுரேஷ் இருந்தால், அந்த நாலு பேரும் அப்பாவாகும்போது தங்கள் பிள்ளைக்கு யாரிடமும் இல்லாத பெயரைத் தேடுவார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார். வெளியிலிருந்து எந்த நிகழ்வும் தூண்டாவிட்டாலும், உடைகளைப் போலவே பெயர்களும் தாமாக மாறிக்கொண்டே இருக்கும். முழுப் பெயர் பரவுவதைவிட ஒரு ஒலி பரவும். தமிழ்நாட்டில் 'ஷ்' பரவியது அப்படித்தான்.

டி, டு, டே, டோ: பஞ்சாங்கம் வைக்கும் பெயர்

இன்றைய பெயர்களின் விநோத ஒலிக்கு எல்லோரும் சினிமாவைக் குறை சொல்கிறார்கள். பெரிய பங்கு உண்மையில் பஞ்சாங்கத்தில் அச்சாகும் ஒரு சின்ன அட்டவணைக்கு உண்டு.

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108. ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. குழந்தை பிறந்த பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பது விதி. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அ, இ, உ, எ. பிரச்சினையே இல்லை, அன்பரசி முதல் எழிலன் வரை எதையும் வைக்கலாம். மகத்துக்கு மா, மீ, மூ, மே. அதுவும் சுலபம்.

இனி ஆயில்யத்தைப் பாருங்கள். டி, டு, டே, டோ. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா. புனர்பூசத்தின் கடைசி இரண்டு பாதங்களுக்கு ஹ, ஹி. ஹஸ்தத்துக்கு பூ, ஷ, ண, ட. தமிழ் இலக்கணப்படி 'ட', 'ண' இரண்டும் சொல்லின் முதலில் வரவே வராத எழுத்துகள். தொல்காப்பியம் தொட்டு இருக்கும் விதி இது. 'ஹ', 'ஷ' தமிழ் எழுத்துகளே அல்ல, கிரந்த எழுத்துகள். 'ர', 'ல' கூட சொல்லுக்கு முதலில் வராது என்பதால்தான் அந்தக் காலத்தில் இராமன், இலட்சுமி என்று எழுதினார்கள். அட்டவணை சமஸ்கிருத ஒலிகளை வைத்துப் போடப்பட்டது, தமிழுக்காகச் செய்யப்பட்டதல்ல. 'ண'வில் தொடங்கும் பெயர் என்றால் சமஸ்கிருதத்திலும் தேடிக் களைத்துப்போக வேண்டியதுதான்.

ஆக, ஆயில்யத்தில் பிறந்த குழந்தையின் பெற்றோர், நல்ல தமிழ்ப் பெயர் வைக்க ஆசைப்பட்டாலும், எழுத்தைக் கடைப்பிடிப்பது என்று முடிவுசெய்தால் அவர்களுக்குத் தமிழில் வழியே இல்லை. கூகுளில் தேடி வடக்கில் இருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டும், அல்லது புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். தாத்தா பெயரும் குலதெய்வப் பெயரும் முதலிடத்தில் இருந்த வீடுகளில் இந்த எழுத்துக்கு இத்தனை அதிகாரம் இருந்ததில்லை. அவை இரண்டும் விலகியதும் அந்த இடத்தில் அட்டவணை வந்து உட்கார்ந்துகொண்டது.

இதன் மேல் எண் கணிதம். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு, கூட்டுத்தொகை பிறந்த தேதிக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஓர் 'ஹெச்' சேர், ஓர் 'ஏ' சேர். முன்னாள் முதல்வர் ஜெயலலிதா 2001-ல் தன் பெயரின் ஆங்கில எழுத்துக் கோவையில் கடைசியாக இன்னொரு 'ஏ' சேர்த்தது நினைவிருக்கலாம். தமிழில் எழுதும்போது அவர் பெயரில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பெயர் தமிழில் எப்படி இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் யாருக்கும் பொருட்டே அல்ல.

சினிமா எவ்வளவு காரணம்?

இருக்கிறது, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 1995-ல் தமிழ்நாடே கொண்டாடிய 'பாட்ஷா'வின் நாயகன் பெயர் மாணிக்கம். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பள்ளி வகுப்பறைகளை நிரப்பியவர்கள் மாணிக்கங்கள் அல்ல, விக்னேஷ்களும் ஹரிஷ்களும்தான். ஏற்கெனவே ஒரு பெயரின் ஒலி மக்களுக்குப் பிடிக்கத் தொடங்கியிருந்தால் சினிமா அதைத் தூக்கிவிடும். பழசாகிவிட்ட பெயரை சூப்பர் ஸ்டாரே சுமந்தாலும் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

'தெய்வத்திருமகள்' படத்தின் (2011) குழந்தை நிலா நல்ல உதாரணம். சின்னப் பெயர், 'ஆ'வில் முடியும், எல்லோருக்கும் பொருள் தெரியும். அது காலத்தின் ஒலிக்குப் பொருந்தியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-களில் தொடராக வந்தபோதே நந்தினி, அருள்மொழி, குந்தவை, பூங்குழலி, வானதி எல்லாம் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது நந்தினி. கதையில் அவர் வில்லி. ஆனாலும் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் தாராளமாக வைக்கப்பட்டது. கதாபாத்திரத்தின் குணம் அதற்குத் தடையாக இருக்கவில்லை.

'ஆரவ்' என்றால் அமைதியா?

குழந்தைக்குப் பெயர் தேடும் இன்றைய பெற்றோர் முதலில் போவது இணையத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களுக்கு. அங்கே ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரு பொருள் இருக்கும். அதில் எவ்வளவு நம்பலாம்?

'ஆரவ்' என்று தேடினால் பல தளங்கள் 'அமைதியானவன்' என்று சொல்லும். சமஸ்கிருதத்தில் 'ஆரவ' என்றால் சத்தம், கூச்சல். தமிழிலும் 'ஆரவம்' என்றால் ஒலிதான். 'ஆரவாரம்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள், பொருள் தலைகீழாகிவிட்டது புரியும். (ஆரவ் வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு எந்தப் பொருள் சரி என்று நாம் சொல்லத் தேவையில்லை.) 'ரித்விக்' என்பது வேள்வி நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் 'ருத்விஜ்' என்ற சொல்லில் இருந்து வந்தது. பெரியாரிஸ்ட் குடும்பங்களிலும் இந்தப் பெயர் இருக்கலாம், பொருள் தெரிந்து வைத்தவர்கள் எத்தனை பேரோ.

இன்னும் சில பெயர்களுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி, கடைசியில் ஒரு 'ஷ்' அல்லது 'கா'. பொருள் இல்லாத பெயர் தப்பா என்றால் இல்லை. ஆனால் தமிழில் எப்படி எழுதுவது என்று பெற்றோருக்கே தெரியாத பெயர் என்றால் அது குழந்தைக்குத் தினசரித் தலைவலி. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பெயரை, ஒரு சான்றிதழில் 'தக்ஷித்' என்றும் இன்னொன்றில் 'தட்சித்' என்றும் மூன்றாவதில் 'தக்சித்' என்றும் தட்டச்சு செய்தால் யாரைக் குற்றம் சொல்வது?

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். இந்து வீட்டு ஆரவ், முஸ்லிம் வீட்டு அயான், கிறிஸ்தவ வீட்டு ஏதன். வேர் வெவ்வேறு, ஒலி கிட்டத்தட்ட ஒன்று. சுடலைமுத்து, நாகூர் மீரான், சவரிமுத்து என்ற மூன்று தாத்தாக்களின் பெயர்களுக்கு இடையே இருந்த தூரம் பேரன்களின் பெயர்களுக்கு இடையே இல்லை.

திரும்பி வரும் தமிழ்ப் பெயர்கள்

கவின், ஆதவன், அகரன், முகிலன், நிலவன். யாழினி, மகிழினி, இனியா, கயல், வெண்பா, ஆதிரா. சமீப ஆண்டுகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இவை. திருமண விழாக்களில் மணமக்களைப் பார்த்து "பிறக்கும் குழந்தைக்கு அழகான தமிழ்ப் பெயர் சூட்டுங்கள்" என்று கேட்டுக்கொள்வது மு.க.ஸ்டாலினின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆனால் இது 1950-களின் தமிழ்ப் பெயர் அலை அல்ல. அன்றைக்கு நெடுஞ்செழியன் என்பது போலச் சங்க மன்னர்களின் நீண்ட பெயர்களைத் தேடினார்கள். அதில் ஓர் அரசியல் அறிவிப்பு இருந்தது. இன்றைக்குத் தேடுவது இரண்டு மூன்று எழுத்தில் முடியும், நாவில் வழுக்கிக்கொண்டு போகும் பெயரை. 'கவின்' என்றால் அழகு. கெவின் என்ற ஆங்கிலப் பெயரோடு அது ஒலியில் நெருங்குவது, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு வசதியாகவும் இருக்கிறது. வகுப்பில் பத்து 'ஷ்' இருக்கும்போது யாழினிதான் தனித்துத் தெரிகிறாள். வித்தியாசம் தேடிப் போனவர்கள் சுற்றிவந்து தமிழிலேயே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சிக்கல் 'ழ'வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'இசட் ஹெச்' போடுவது நம் வழக்கம். வெளிமாநில ஆசிரியர் அதைப் பார்த்து யாழினியை 'யாஸினி' என்று வாசிப்பார். அவரைச் சொல்வானேன், நம்மவர்களிலேயே 'யாளினி'கள்தானே அதிகம்.

எந்தப் பெயர் முதலிடம்?

"இந்த ஆண்டின் டாப் 100 தமிழ்ப் பெயர்கள்" என்று ஆண்டுதோறும் பட்டியல்கள் பரவுகின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. பிரிட்டனிலும் அரசுப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் பட்டியல் தருகிறது. இந்தியாவில் பிறப்புப் பதிவு நடந்தாலும் பெயர்வாரியான அதிகாரப்பூர்வ தரவரிசை வெளியாவதில்லை. எனவே வாட்ஸ்அப்பில் வரும் 'டாப் 100' எல்லாம் ஏதோ ஒரு செயலி அல்லது இணையதளம் தன் பயனாளர்களை வைத்துப் போட்டது, அல்லது யாரோ தோன்றியபடி எழுதியது. அதைப் பார்த்துப் பெயர் வைக்கவும் வேண்டாம், பெயரை மாற்றவும் வேண்டாம்.

பெயரைப் பதிவு செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவு செய்த நாளில் இருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். எனவே பெயர் சூட்டும் நாளுக்குள் எதையாவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை.

இப்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை போன்றவற்றுக்குப் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பெரியவர்களைப் போல, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறது, அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கும்போது பெயரை ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் பெற்றோரே தெளிவாக எழுதிக் கொடுப்பது நல்லது. கார்த்திக் என்ற பெயரின் ஆங்கில முடிவில் 'கே' மட்டுமா, 'சி, கே' இரண்டுமா என்பதில் தொடங்கி, 'ஷ்'ஷா 'ஸ்'ஸா என்பது வரை முதல் நாளே முடிவாகிவிட வேண்டும். இனிஷியலையும் தமிழில் எழுதலாம். அரசு ஆவணங்களில் பெயரோடு முன்னெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. எழுத்துப் பிழை என்றால் உரிய ஆதாரம் காட்டித் திருத்தலாம். பெயரையே மாற்றுவது என்றால் அரசிதழில் அறிவிப்பு வெளியிடும் நடைமுறைக்குப் போக வேண்டும்.

பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் இனிஷியல் பலருக்குப் பிரச்சினையாகிறது. அங்கே இனிஷியலை விரித்து எழுத வேண்டும், 'சர்நேம்' என்று ஒரு கட்டம் வேறு இருக்கும். நம்மவர்கள் அதில் அப்பா பெயரை எழுதுவார்கள். விளைவு, வெளிநாட்டுக்குப் போன பிறகு வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நியூஜெர்சியில் ஒரு ரித்விக்கை 'மிஸ்டர் சுரேஷ்' என்று அழைப்பார்கள், அவனுடைய அப்பா சுரேஷை அங்கே 'மிஸ்டர் சுடலைமுத்து' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.